பதினான்காம் எண் சட்டை

அன்று காலை என் மகள் சிகுசா மிசோ சூப்பைக் குடித்துவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சிய சிப்பி ஓடுகளை மேசையோரம் வரிசையாக அடுக்கிவைத்தாள். இருபது வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"அப்பா, ஹிபினோ ஜெர்மனிக்குப் போறாராமே, நிஜமா?"

"தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

"ரொம்பத்தான். பூட்ஸ் துடைக்கிறவருக்கு மந்திரின்னு நெனப்பு. நானே வரிசையில நின்னு கேட்டுக்கறேன் போங்க."

எங்கள் கால்பந்து அணியின் ஹிபினோவை உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஐயா. எங்கள் துறைமுக ஊரில் ரொட்டிக்கடை முதல் ரயில் நிலையம் வரை அவன் முகம்தான். பயிற்சி முடிந்ததும் மைதான வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கடைசி ஆள்வரை கையெழுத்துப் போடுவான். வழக்கமாக நாற்பது பேர் நிற்பார்கள். அவன் போகப்போகிறான் என்ற செய்தி பரவி, அன்று எழுநூறு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ள, ஓரத்தில் நின்ற என் மகள் சாலையில் விழுந்தாள். பேருந்து ஓட்டுநர்மேல் தவறில்லை.

இறுதிச் சடங்குக்கு ஹிபினோ வந்தான். அவனைப் படமெடுக்கத் தெருவெல்லாம் கூட்டம். ஊதுபத்தி வைக்க வந்த அவளுடைய தோழிகளால் உள்ளே நுழைய முடியவில்லை. அவன் தலைகுனிந்து நிற்கும் படத்துக்கு எத்தனை லட்சம் லைக் என்று ஒருவர் என்னிடமே சொன்னார்.

இருபத்தாறு வருடமாக அந்த அணியின் பூட்ஸ்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். தரை ஈரமாயிருந்தால் அடியில் தரையைப் பிடிக்கும் குமிழ்களான ஸ்டட்களில் நீளமானவற்றைத் திருகுவேன், காய்ந்திருந்தால் குட்டையானவை. நவம்பரில் அந்த ஞாயிறு தரை காய்ந்திருந்தது. ஹிபினோவின் இடது பூட்ஸில் நீளமானவற்றைத் திருகினேன்.

"என்ன குரே-சான், தரை பிடிச்சு இழுக்குது?" என்று ஆட்டத்துக்கு முன் ஓடிப்பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"மழை வரும்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க சொன்னா சரி."

அறுபத்தோராவது நிமிடம், எங்கள் பெஞ்சுக்கு முன்னாலேயே, அவன் உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. இனி யாரும் அந்த வாசலில் நிற்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

முன்பைவிட அதிகம் பேர் நின்றார்கள். அவன் குணமாக வேண்டும் என்று காகிதக் கொக்குகளை ஆயிரம் ஆயிரமாகக் கோத்துக் கொண்டுவந்தார்கள். இடமில்லாமல் அவற்றை என் பூட்ஸ் அறையில் தொங்கவிட்டார்கள். அவை தலையில் இடிக்க இடிக்க நான் சேறு துடைத்தேன்.

பார்க்கப் போனபோது மருத்துவமனையில் அவன் சொன்னான்: "இனி ஆட முடியாதாம். மத்தவங்க என்னமோ பேசுறாங்க, மனசுல வெச்சுக்காதீங்க குரே-சான். பூட்ஸ்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் காலைத் தப்பா வெச்சேன்."

அந்தப் பெருந்தன்மையைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். ஆம், தெரிந்தேதான் செய்தேன். என் மகளைக் கொன்றது அவன் புகழ். வேறு யாருமில்லை.

என் அலமாரியைச் சோதிப்பீர்கள். மேல்தட்டில் அவனுடைய பதினான்காம் எண் சட்டை ஒன்று இருக்கும். அவள் விழுவதற்கு ஒன்பது நாள் முன்னால், "உங்க பொண்ணு மழைல நிக்குது, இதக் குடுத்துடுங்க" என்று அவன் தந்தது. ஊழியர் வீட்டாருக்குச் சலுகை கூடாது என்பது விதி. நான் விதியை மீறியதே இல்லை. 'சிகுசாவுக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறான். மடிப்பு இன்னும் கலையவில்லை.