அப்பா பாக்கெட்ல இருக்கற கல்லு

அவர் தூங்கறார்ண்ணே, வண்டிச் சத்தத்துல நாம பேசறது முன் சீட்டுக்குக் கேக்காது. எங்கப்பாதான். பேரு ஹம்மாதி, கைரவான் ஊர்ல மக்ரூத் இனிப்பு போடுறவர். சூஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்தக் கட்டா? வலது கட்டைவிரல். ரவை மாவுல பேரீச்சை வச்சு அமுக்கற விரல். நாலு மாசமா வீங்கிச் செவந்து கெடக்கு.

ஆமா, நகச்சுத்துன்னுதான் எங்க ஊர் டாக்டரும் சொன்னாரு. கீறிவிட்டாரு, மாத்திரை குடுத்தாரு. முன்னாடி ஆபரேஷன் ஏதாவது உண்டான்னு கேட்டாரு. அப்பா சட்டையத் தூக்கித் தழும்பக் காட்டிட்டு, பாக்கெட்லேருந்து அந்தக் கல்ல எடுத்து மேசையில வச்சாரு.

ஆறு வருசம் முன்னாடி கல்லு அடைச்சு கிட்னியே கெட்டுப்போச்சுன்னு எடுத்தாங்களே, அந்தக் கல்லு. காபிக்கடையில எல்லார்கிட்டயும் காட்டுவாரு. நான் பெத்ததுல இதுதான் வெயிட்டு, பட்டம் வாங்கினவன்லாம் இதுக்கு அப்புறம்தான்னு சொல்லி என்னப் பாப்பாரு.

டாக்டரும் சிரிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

இல்லண்ணே, நெசத்துல அது கல்லு இல்ல. கிட்னியில கட்டி. அந்த நோய்தான். வீட்டுல அது பேரச் சொல்ல மாட்டோம். உங்க வீட்டுலயுமா? தெரிஞ்சா மனுசன் படுத்துருவாருன்னு மொனியா, எங்கக்கா, சொன்னா. முழுசா எடுத்தாச்சுன்னு பெரிய டாக்டரும் சொல்லிட்டாரு. ரிப்போர்ட்டு பிரெஞ்சுல இருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அப்ப எனக்குப் பதினெட்டு வயசு.

விரல்ல எப்படி வரும்னா, எனக்கும் தெரியலண்ணே. திரும்ப வந்தா நுரையீரல், எலும்புன்னு படிச்சிருந்தேன். விரல் நுனிக்குள்ளயும் எலும்புதான்னு தோணல. போன வாரம் சதை எடுத்துப் பாத்தாங்க. பழைய கிட்னிக் கட்டிதான் அங்க போயிருக்குன்னு எழுதியிருக்கு. இந்தக் கவர்தான். என்னடா எழுதியிருக்குன்னு அப்பா கேட்டாரு. முள்ளு ஒண்ணு உள்ள நின்னுருக்குன்னேன்.

இன்னைக்குப் புது டாக்டர். விரல எடுக்கறதான்னு முடிவு பண்ணுவாங்க. முதல்ல அதே கேள்விதான் வரும். அப்பா பாக்கெட்ல கைய விடறதுக்குள்ள நான் வாயத் தெறக்கணும்.

முழிச்சா உங்ககிட்டயும் காட்டுவாரு. வாங்கிப் பாத்து, நல்ல வெயிட்டுன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி வாசல் பூந்தொட்டியில நான் பொறுக்கினது. சின்னதா இருந்தா நம்பமாட்டாருன்னு, ரெண்டு மூணு எடுத்துப் பாத்து, பெருசாப் பாத்துக் கழுவிப் பஞ்சுல சுத்திக் குடுத்தேன்.