வகுபடாத எண்ணும் மைத்துனனின் மூச்சும்

பெரியோர்களே, தாய்மார்களே, சும்மா கிடக்கும் கணினியைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். மலையைப் புரட்டும் வலிமையுள்ள இயந்திரம், மணி எத்தனை என்று காட்டிக்கொண்டு கொட்டாவி விடும். இந்த அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

நான் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பராமரிப்பவன். எனக்கொரு காதல் உண்டு. என் மனைவிக்கும் அது தெரியும். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் ஓர் எண். அச்சிட்டால் ஓர் அலமாரி நிறையும். கணினியின் மொழியிலோ தலை முதல் வால் வரை ஒன்று, ஒன்று, ஒன்று. மருந்துக்கும் ஒரு பூஜ்யம் கிடையாது. அது பகா எண்ணாக இருந்தால், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது. மனிதரைக் கூறுபோட ஆயிரம் பேர் அலையும் உலகில், எவராலும் கூறுபோட முடியாத ஒன்று. நினைத்தாலே என் கால் தரையில் பாவாது.

சோதனை எளிது. நான்கில் தொடங்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, என் எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி பெருக்க வேண்டும். கோடிக்கணக்கான சுற்றுகளுக்குப் பின் மீதி பூஜ்யமானால் வெற்றி. செவிலியர் மேசைக் கணினிதான் புதியது; அதில் ஓடவிட்டேன். நோயாளிகளின் மூச்சைக் கவனித்து, குறைந்தால் மணி அடிப்பது அதன் பழைய வேலை.

தலைமைச் செவிலியர் ஒருநாள் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த மணி தூங்கி எழுந்து வந்து அடிக்குது. நோயாளி மூச்சு திணறி, தெளிஞ்சு, என்கிட்ட சண்டையும் போட்டாச்சு. அப்புறம்தான் கத்துது.”

“வயர் பழசு, அக்கா.”

“ஒரு தடவை அணைச்சுப் போடுங்களேன்.”

“அடுத்த வாரம் பாக்கலாம்.”

அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கை இடையிடையே சேமிக்கும் பகுதியை, வேகத்துக்காக நானே நீக்கியிருந்தேன்.

அந்த வாரம் என் மனைவியின் தம்பி நுரையீரல் நோயோடு அதே பிரிவில் வந்து சேர்ந்தான்.

“என்ன மாமா, உங்க ராட்சச நம்பர் எப்படி இருக்கு? அதுக்காவது மூச்சு முட்டாம இருக்கா?”

“நாளைக்குத் தெரிஞ்சிடும்டா.”

“பகா எண்ணா இருந்தா அக்காவுக்குப் புடவை எடுத்துக் குடுங்க. சக்களத்தி வந்த செலவு.”

சிரித்தோம். நல்ல பையன்.

மறுநாள் முற்பகல், செவிலியர் மேசையில் கடைசிச் சுற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அப்பால் அவன் உதடு நீலமாவதைப் பார்த்தேன். திரையில் அவன் மூச்சு இன்னும் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செவிலியரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார். கேட்டால் கணினியை அணைப்பார். காத்திருந்தேன்.

பூஜ்யம் வந்தது. என் நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது. அதன்பிறகே மணி அடித்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஓடிவந்த மனைவி துக்கம் என்று எண்ணி என்னைத் தாங்கிக்கொண்டாள்.

எண்ணைச் சோதிக்கும் அந்த நிரல் பிற வேலைகளுக்கு வழிவிட்டு ஓடும் இயல்புடையது. அந்த வரிசையை மாற்றி, எண்ணை முன்னாலும் மூச்சைப் பின்னாலும் வைத்தவன் நானே. இதைக் கொலை என்கிறார்கள். ஒரு நியாயமான முன்னுரிமை என்கிறேன் நான்.

ஆனால் ஒற்றை இயந்திரத்தின் சொல்லை உலகம் ஏற்காது. சூடேறியதில் ஓர் இலக்கம் பிசகியிருக்கலாம். இன்னோர் இயந்திரம் சரிபார்க்க வேண்டும். ஆகவே எழுந்து வாருங்கள், உங்கள் கணினிகளைத் தாருங்கள். மருத்துவமனைகளில் பணிபுரிவோர் முதலில் வாருங்கள்: அங்கேதான் எதையும் அணைப்பதில்லை.