வியாழக்கிழமை வரைக்கும் தும்மக் கூடாது

...இல்லீங்க, நான் உங்களைக் குத்தம் சொல்லல. தும்மல் வந்தா யாரு என்ன பண்ண முடியும்? செவுத்தைப் பார்த்துத் தும்முங்கன்னுதான் சொல்றேன். நமக்கு நடுவுல தொங்குறது வெறும் துணித்திரைதானே, கோட்டைச் சுவரா என்ன?

தூசியா? சரி, தூசின்னே வெச்சுக்குவோம்.

எந்திரிச்சு வேற கட்டிலுக்குப் போயிடலாம்னா உடம்பு பூரா ஊசி. மூக்குக்கு ரெண்டு பக்கமும் குத்தியிருக்கு, கட்டை விரல் சந்துல குத்தியிருக்கு, முழங்காலுக்குக் கீழயும் குத்தியிருக்கு. முள்ளம்பன்றியாட்டம் கிடக்கேன். சிரிக்காதீங்கன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்காங்க டாக்டரம்மா, மூக்கு ஊசி ஆடுதாம். எனக்கோ காலையிலேருந்து மின்விசிறியைப் பார்த்தாக்கூடச் சிரிப்பு வருது.

நோயா? எனக்கு ஒரு நோயும் இல்லீங்க. ஜலதோஷம் வராம இருக்கத்தான் வந்திருக்கேன். நிஜமாத்தான். உங்களுக்குத் தோள்பட்டை வலின்னு சொன்னீங்க, காதுல விழுந்துச்சு. நீங்க வலி வந்த பிறகு குத்திக்க வந்தீங்க. நான் சளி வர்றதுக்கு முன்னாடியே குத்திக்க வந்தேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மா விளக்கமாச் சொன்னாங்க. இந்தச் சீன ஊசி வைத்தியத்துல சளி, காய்ச்சல் எல்லாம் காத்தோட வர்ற திருடனாம். பிடரிப் பக்கமாத்தான் நுழைவானாம். நம்ம உடம்பைச் சுத்திக் காவல் சக்தின்னு ஒண்ணு ரோந்து போகுதாம். அது அசந்த நேரம் பார்த்துப் பூந்துடுவானாம். இந்த ஊசியெல்லாம் காவக்காரனைத் தட்டி எழுப்பத்தானாம். அதனாலதான் இந்த வெயில்லயும் கழுத்தைச் சுத்தித் துண்டோட திரியறேன். தெருவுல ஒரு மாதிரியாப் பார்க்குறாங்க, பார்த்துட்டுப் போகட்டும்.

பலிக்குமான்னு என்னைக் கேட்டா? எனக்கு என்னங்க தெரியும். அந்தம்மாவே கறாராச் சொல்லிட்டாங்க, ஊசி குத்தியாச்சுன்னு கை கழுவாம இருக்காதீங்க, தடுப்பூசியும் போட்டுக்கங்கன்னு. அதெல்லாம் எப்பவோ ஆச்சு. மூலிகைப் பொடியும் ஒண்ணு உண்டாம். பெரிய டாக்டர்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். பொடி கிடி எதுவும் கூடாது, ஊசி வேணா குத்திக்கங்க, புதுப் பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்கன்னுட்டாரு.

எந்தப் பெரிய டாக்டரா? இருக்காரு ஒருத்தரு. அதை விடுங்க.

இன்னிக்குச் செவ்வாயா? வியாழக்கிழமை காலை வரைக்கும் எனக்கு ஒரு தும்மல் வரக் கூடாது. வந்தா எல்லாம் போச்சு. கல்யாணமா? கிட்டத்தட்ட அப்படித்தான்னு வெச்சுக்கங்களேன். ரெண்டு பேரும் பட்டினியாப் போகணும், குடும்பம் மொத்தமும் வெளிய உக்காந்து கடிகாரத்தைப் பார்க்கும். அட, சிரிக்க வைக்காதீங்க, ஊசி ஆடுது.

ஏற்கெனவே ரெண்டு தடவை நாள் குறிச்சு, ரெண்டு தடவையும் என்னாலதான் தள்ளிப் போச்சு. நான் சின்னப் பிள்ளைங்க வகுப்பு டீச்சருங்க. வகுப்புல எத்தனை மூக்கோ அத்தனையும் ஒழுகும். எல்லாம் என் புடவை முந்தானையிலதான் வந்து துடைச்சுக்கும். முதல் தடவை சளி. ரெண்டாவது தடவை பெட்டியெல்லாம் கட்டி வெச்சாச்சு, அன்னிக்குன்னு பார்த்துக் காய்ச்சல், அனலாக் கொதிக்குது. இந்தத் தடவை லீவு போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாரு, மாடி ரூமுக்கு அனுப்பிட்டேன். சாப்பாட்டுத் தட்டை வாசப்படியில வெச்சுட்டு ஓடி வந்துடுவேன். ஒரே வீட்டுக்குள்ள போன்ல பேசிக்கிறோம். காதலிச்ச காலத்துலகூட மனுஷன் இவ்வளவு பேசினதில்ல.

இதுல எங்க நாத்தனார் வேற, அவரோட அக்கா. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எங்களுக்குள்ள ஆகாது. நான் துண்டு மடிச்சா தப்பு, ஜன்னல் திறந்தா தப்பு. ஒரு சோபாவை எந்தச் செவுத்தோரம் போடுறதுங்கிற சண்டையில நாலு வருஷம் மூஞ்சி பார்க்கல. அவங்கதான் இப்போ தினம் விடிஞ்சதும் போன் போட்டு எனக்குப் பரீட்சை வைக்கிறாங்க. ‘மாமா மணி என்ன’ன்னு நான் சொல்லிக் காட்டணும். மூக்கு அடைச்சிருந்தா ‘பாபா படி எட்ட’ன்னு வருமாம். பாஸாயிட்டா, நல்லா இருன்னுகூடச் சொல்லாம டப்புன்னு வெச்சுடுவாங்க.

முதல் தடவை தள்ளிப் போனப்போ என்ன திட்டு திட்டினாங்கங்கிறீங்க! என் பரம்பரையையே இழுத்தாங்க. நானும் விடல. ரெண்டாவது தடவை திட்டவே இல்லீங்க. சரி, உடம்பைப் பார்த்துக்கோம்மான்னாங்க, மெதுவா. கல்யாணமானதுலேருந்து அன்னிக்குத்தான் என்னை அம்மான்னு சொன்னாங்க. அப்பதாங்க எனக்குப் பயமே வந்துச்சு.

சரி சரி, அதை விடுங்க. நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன், மாமா மணி என்ன. சும்மா, விளையாட்டுக்குத்தான்.

...

ஐயையோ! பாபாவா? என்னங்க இது, பாபா படின்றீங்க! தூசின்னு சொன்னீங்களே! நேத்துலேருந்தா? இருமலுமா? அடப் பாவி மனுஷா, இதை வந்ததுமே சொல்லக் கூடாதா? டாக்டரம்மா! டாக்டரம்மா! பக்கத்து ரூம்ல இருக்காங்கபோல, காதுல விழல. எனக்கு எந்திரிக்கவும் முடியாது, மூக்கைப் பொத்தலாம்னா மூக்குலயே ஊசி. பாருங்க, இப்பவும் சிரிப்புதான் வருது.

இல்லீங்க, உங்க மேல கோவம் இல்ல. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, சொல்லிடறேன். வியாழக்கிழமை காலையில என்னோட இடது கிட்னியை எடுத்து அவங்களுக்கு வைக்கிறாங்க. ஆமா, அந்த நாத்தனாருக்குத்தான். வேற யாருக்கு? ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷின்ல கிடக்குறாங்க, கையெல்லாம் வீங்கிப் போச்சு. தம்பியோடது ஒத்து வரல, பெத்த பிள்ளைங்களோடதும் ஒத்து வரல. அந்தப் பெரிய டாக்டரு என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு இதுதான் சரின்னாரு. அதைக் கேட்டதும் அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? இவளோடதா, ஒழுங்கா வேலை செய்யுமான்னாங்க! என் கிட்னி உள்ள வந்தா கூடவே என் வாயும் வந்துடும், பார்த்துக்கங்கன்னு நானும் பயமுறுத்தி வெச்சிருக்கேன். குடுக்கிறவளுக்குச் சளி, காய்ச்சல் இருந்தா கத்தி வைக்க மாட்டாங்களாம். இன்னொரு தடவை தள்ளிப் போனா அவங்களால தாங்க முடியாதுங்க. அவ்வளவுதான் விஷயம்.

என்ன சத்தம்? ஊசியை நீங்களே பிடுங்குறீங்களா? அட, இருங்க, டாக்டரம்மா வந்து எடுப்பாங்க! வெளிய பெஞ்சுல போய் உக்காந்துக்கிறீங்களா? வேணாங்க, தோள்பட்டை வலியோட எதுக்கு... இல்ல, வேணும். போங்க. நீங்க நல்லா இருக்கணும்.

கதவை மட்டும் நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போங்க.