திங்கட்கிழமைக்கு வைத்திருந்த அப்டேட்

காத்திருப்பது எனக்குச் சிரமமே இல்லை. இன்று காலையில்கூட உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆடு காணாமல் போன புகாரோடு எனக்குப் பின்னால் வந்தவர் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது, "கோவிச்சுக்காதீங்க தம்பி, ஆடு காத்திருக்காது" என்றார். நான் சிரித்தேன். கோபித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. விசாரணை அதிகாரியை எஜே என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை, ஆனால் உங்களுக்கு என் அக்கா வயதுதான் இருக்கும். ஆகவே எஜே, முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: நான் கோபக்காரன் இல்லை. இன்னொன்று, யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன்.

என் பெயர் எல்தியார். போன்களின் அடிப்படை மென்பொருளை எழுதும் நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை. நம் பிஷ்கெக்கில் மலிவான போன் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் காலையில் கண் விழித்ததும் தொடுவது எங்கள் கைவேலையைத்தான். மாதம் ஒரு அப்டேட் அனுப்புவோம். அதில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது, என்றைக்கு அனுப்புவது என்று முடிவாகும் தாளில் கடைசிக் கையெழுத்து என்னுடையது.

கெசெக் எங்களுடையது அல்ல, என்னோடு படித்த குபத்தின் நிறுவனத்துக் காலண்டர் செயலி. எங்கள் போன்களில் அது ஒரு விருந்தாளி. விருந்தாளி எங்கே உட்காரலாம், எந்த அலமாரியைத் திறக்கலாம் என்பதை வீட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும். நான் செய்தது அவ்வளவுதான் என்று இந்தப் பதினோரு நாளும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

ஆனால் அந்த விருந்தாளி பிறந்த வீட்டில் நானும் இருந்தேன். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஒன்பது பேர் நாங்கள் ஷெரினே வைத்திருந்தோம், மாதம் ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவது. யார் முறை என்பதில் சண்டை வராத மாதமே இல்லை. மேதர் என்பவன் தொடர்ந்து இரண்டு முறை தன் முறையை வசதியாக மறந்துபோனான். அதற்கு முடிவு கட்டத்தான் குபத்தும் நானும் ஒரு குளிர்காலம் முழுக்க அவன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு காலண்டர் எழுதினோம். முறை என்ற பொருளில் கெசெக் என்றே பெயர் வைத்தோம். ஒருவர் நாளை மாற்றினால் பட்டியலில் உள்ள எல்லோருடைய போனும் மணி அடிக்கும். திரை அணைந்து பையில் தூங்கும் போனையும் எழுப்பி அடிக்கும். அந்த எழுப்பும் பகுதி நான் எழுதியது. மூன்று வாரம் ஆயிற்று. இன்றைக்கு எழுதினாலும் அதைவிடச் சுத்தமாக எழுத முடியாது.

பிறகு குபத் அதை எடுத்துக்கொண்டு தனி நிறுவனம் தொடங்கினான். என்னையும் கூப்பிட்டான், நான்தான் மாதச் சம்பளத்தை விட்டுப் போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நான்கு வருடம் கழித்து டிவியில் அவனைப் பேட்டி எடுத்தார்கள். சமையலறை மேசையைப் பற்றிச் சொன்னான். தேநீர் போட்டுக்கொடுத்த மனைவிக்கு நன்றி சொன்னான். ஜன்னலில் உறைந்த பனியைப் பற்றிக்கூடச் சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன், என் பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று. நிகழ்ச்சி முடிந்து வானிலை அறிக்கை வந்துவிட்டது. பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் அப்படிச் செய்தால் வயிறு எரியாதா, சொல்லுங்கள்.

அடுத்த மாத அப்டேட்டில் போனின் முகப்புத் திரையில் கெசெக் தெரியும் வசதியை எடுத்தேன். எங்கள் நிறுவனத்துக் காலண்டர்தான் அங்கே நிற்க வேண்டும் என்று துறைத் தலைவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார், ஆகவே யாரும் காரணம் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து, போனில் உள்ள பெயர்களைக் கெசெக் படிக்கும் வசதியையும் எடுத்தேன். மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்று குறிப்பு எழுதினேன். அது நியாயமான காரணம்தான், இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊழியர்களின் போன்களுக்கு எல்லா அப்டேட்டும் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடும், சோதனைக்காக. ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் குபத்தின் ஆட்கள் எப்படியோ ஒரு மாற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் ஆட்கள் கெட்டிக்காரர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மாதம்தான் அது நடந்தது. ஷெரினே மேதரின் மாமியார் வீட்டில் என்று நினைத்துத் தேன் கேக் வாங்கிக்கொண்டு போனேன். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அவங்கெல்லாம் வேற வீட்டுக்குப் போயிட்டாங்களே. பாட்டும் கூத்துமா ரெண்டு கார்ல போச்சு. உனக்குச் சொல்லலையா?" என்றார். நாளையோ இடத்தையோ மாற்றினால் எல்லோருக்கும் மணி அடிக்கும்படி எழுதியவன் நான். எனக்கு மட்டும் அடிக்கவில்லை. பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் படியில் நின்றபடியே புரிந்துகொண்டேன். கேக்கை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாலை குபத் இரண்டு முறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. பூட்டிய வீட்டுக்கு வரவைத்துவிட்டு என்ன பேச இருக்கிறது? அதற்குப் பிறகு நான் கெசெக்கைத் திறக்கவும் இல்லை, எந்த ஷெரினேவுக்கும் போகவும் இல்லை.

பிறகு மூன்றாவது அப்டேட். தூங்கும் போனை வேறு நிறுவனத்துச் செயலி எதுவும் எழுப்பக் கூடாது, பேட்டரி மிச்சமாகும். இதை அறிவித்த மறுநாள் குபத் என் அலுவலகத்துக்கு வந்தான். உட்காரவில்லை.

"டேய், உன் முகத்தைப் பாக்கறதே அபூர்வமா போச்சு. ஷெரினேக்கு எத்தனை தடவை கூப்பிடறது? பெரிய மனுசன் ஆயிட்டியோ?" என்றான்.

குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். "வேலை" என்றேன்.

"சரி, நம்ம சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். திட்டணும்னா திட்டு, வாங்கிக்கறேன். அந்த எழுப்புற மணியில மட்டும் கை வைக்காதடா. சாங்-பெல் கணவாயில இந்த வருசம் பனி சரிஞ்சு கெடக்கற கெடப்பை நீ பாக்கல. நாலு கிலோமீட்டருக்கு ஒத்த வண்டி போற அகலம்தான் வெட்டி விட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துல மூணு மடங்கு பனிச்சுவர். ஒதுங்க இடம் கெடயாது. இங்கிருந்து ஏறுறவங்களுக்கு ஒரு முறை, அங்கிருந்து எறங்குறவங்களுக்கு ஒரு முறை. ரோட்டைப் பாத்துக்கற ஜூமாபெக் அண்ணன் இந்தப் பக்கத்து வேகன்ல உக்காந்துட்டு கெசெக்லதான் முறையை மாத்தறாரு."

"உன் ஆப்பை நம்பி மலையேறச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. அவங்களா நம்பிட்டாங்க. இப்பப் போயி நம்பாதேன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பக்கம் கொடி காட்ட ஆளே இல்ல. மணி அடிக்கறதுதான் அங்க கொடி."

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் எழுதினதுலயே அந்த மணிதான்டா உருப்படியா வந்துச்சு. நீ எழுதினது" என்றான்.

டிவியில் சொல்லாததை மூடிய அறையில் சொன்னான். அது எனக்கு இன்னும் கசந்தது.

"எடுக்கத்தான் வேணும்னா திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள அந்தப் பக்கம் ஒரு ஆளைக் கொடியோட நிறுத்திடறேன்" என்றான். துறைத் தலைவர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சந்தையில் உலர்பழக் கடை முன்னால் பெர்மெட்டைப் பார்த்தேன். எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி. யாரையும் கிண்டல் செய்யாமல் அவளால் நிற்க முடியாது.

"அடடா, காணாமப் போன ஆடு வந்துருச்சு" என்றாள். "நாளைக்கு மேதர் முறை. அவன்தான் இப்ப கணவாய்க்கு அந்தப் பக்கம் தேன்பெட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே. காலையில எட்டு மணிக்குக் குபத் வேன் எடுக்கறான், ஆறு பேர் போறோம். நீயும் வாயேன்டா, சீட்டு காலியாத்தான் இருக்கு. வரலைன்னா வழி முழுக்க உன்னைத்தான் மென்னு துப்புவோம்."

"பார்க்கலாம்" என்றேன். சந்தையில் எதிரில் பட்டதற்காகச் சொல்வது அழைப்பு ஆகுமா? ஷெரினே அழைப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

மாலை நாலரை மணிக்குத் தாளைத் திறந்து, திங்கள் என்று இருந்த இடத்தில் வெள்ளி என்று மாற்றினேன். பிற நிறுவனங்களுக்குப் பாதிப்பு உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். பேருந்தில் வீட்டுக்குப் போய் லக்மான் சாப்பிட்டேன். விடிவதற்குள் அப்டேட் எல்லாப் போன்களிலும் ஏறியிருக்கும்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கணவாயின் வாயில் வண்டிகள் தேங்கி நிற்கும், யார் முறை என்று தெரியாமல் ஓட்டுநர்கள் இறங்கி வந்து கெசெக் எழுதியவனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், குபத் வேனுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான், கூட இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பூட்டிய கதவு முன்னால் நான் நின்ற மாதிரி ஒரு மணி நேரம் அவனும் நிற்கட்டும். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணவாயில் காற்று எழுந்தது. பனிப்புகை வந்து மூடுவதற்குள் இந்தப் பக்கத்து வண்டிகளை ஏற்றிவிடலாம் என்று ஜூமாபெக் முறையை மாற்றினார், முதலாவதாக நின்ற குபத்தின் வேனுக்குக் கையை அசைத்தார். எதிர்ப்பக்கம் காத்திருந்த நிலக்கரி லாரிக்காரரின் போன் கோட்டுப் பையில் தூங்கிக்கொண்டிருந்தது. பழைய முறைப்படி அவருடைய நேரம் வந்ததும் இறங்கத் தொடங்கினார். லாரியில் இருபது டன் இருந்தது. வேனில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் இறந்துபோனார்கள். பெர்மெட்டும் அதில் ஒருத்தி. குபத்துக்கு இரண்டு காலும் போய்விட்டன என்று சொன்னார்கள். பெர்மெட்டுக்காக நான் அழுதேன், அது நடிப்பில்லை. அடக்கத்துக்கும் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீயாச்சும் அந்த வண்டியில போகல" என்றார்கள்.

லாரிக்காரரை நீங்கள் உள்ளே வைத்தபோதும் நான் வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை. நேற்றுப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள்: கெசெக்கின் மணி அடிக்கும் பகுதி ஆரம்பத்திலேயே தப்பாக எழுதப்பட்டது, அதனால்தான் விபத்து என்று யாரோ ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பகுதியில் ஒரு வரிகூடத் தப்பு கிடையாது, எஜே. ஒன்பது வருடமாக ஒரு முறைகூடத் தவறாமல் அடித்த மணி அது. நான் நிறுத்தினேன், அதனால்தான் நின்றது. இதைச் சொல்லத்தான் வந்தேன். தேதியை மாற்றியது நான், கட்டத்தில் இல்லை என்று எழுதியது நான், கையெழுத்தும் என்னுடையது.

கொஞ்சம் முன்னால் நீங்கள் குபத்தின் போனிலிருந்து எடுத்த ஷெரினே பட்டியலை என் முன்னால் வைத்தீர்கள். பார்த்தேன். ஏழாவதாக என் பெயர் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. பூட்டு தொங்கிய அந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் எனக்கு அழைப்பு போயிருக்கிறது, என் போன்தான் வாங்கிக்கொள்ளவில்லை. ஊழியர் போன் என்பதால் ஒரு மாதம் முன்னதாகவே ஏறிய என் இரண்டாவது அப்டேட், கெசெக்கைப் பெயர்களைப் படிக்கவிடாமல் செய்து, முதலில் வெட்டியது என்னைத்தான் என்று சொல்ல வருகிறீர்கள். கெசெக்கைத் திறந்து அனுமதி என்று ஒரு முறை தொட்டிருந்தால் எல்லாம் வந்து கொட்டியிருக்கும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மணி அடிக்காத அழைப்பை அழைப்பு என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது? குபத் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கலாம். அவன்தான் என்னைக் கைவிட்டான், இதை என்னால் மாற்றிச் சொல்ல முடியாது.

ஒழுங்காகக் கூப்பிட்டிருந்தால் நானும் அந்த வேனில் ஏறியிருப்பேன். அப்படி ஏறுவதாக இருந்திருந்தால், அப்டேட்டைத் திங்கட்கிழமைக்கே விட்டிருப்பேன்.