ஆட்டுப் புழுக்களைக் குதிரைகள் மேய்ந்த கோடை

புழுக்கையில் புழுவையும், பனி உலராத புல்நுனியில் அதன் குஞ்சையும், கீழிமையின் வெளுப்பில் ஆட்டின் ஆயுளையும் கண்டு சொன்ன கால்நடை மருத்துவரே! புல்லுக்குத் தோழியே, புழுவுக்குப் பகைவரே! சாரிபுலாக் மலைமேய்ச்சல் முழுவதும் எஜே, எஜே என்று மூத்த அக்காவாய் அழைத்து மகிழும் எங்கள் ஜிபார் எஜே அவர்களே!

தங்கள் பெயருக்கு நறுமணம் என்று பொருள். பெற்றோர் வைத்த அந்தப் பெயருக்கும் தாங்கள் விரும்பி ஏற்ற தொழிலுக்கும் நடுவில் அகப்பட்டு எங்கள் மூக்குகள் பட்ட பாட்டைப் பணிவோடு பதிவு செய்கிறோம். நம் மருத்துவ நிலையத்தில் இருப்பது ஒரே குளிர்பெட்டி. மேல்தட்டில் புழுக்கைப் பொட்டலங்கள், கீழ்த்தட்டில் எங்கள் மதிய இறைச்சி. மேலது கீழே வரலாகாது, கீழது மேலே போகலாகாது என்று சட்டம் வகுத்தவர் தாங்கள். அதை அடிக்கடி மீறியவரும் தாங்களே. எனினும் இன்றுவரை எவருக்கும் குடற்புழு இல்லை.

தங்கள் பெருமைகளை வரிசையாக அடுக்கினால் தங்களுக்கே கொட்டாவி வரும் என்பதால், தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், ஒரு கோடையில் நடந்ததை மட்டும் இந்த அவையின் முன் எடுத்துரைக்கிறோம்.

ஓடைக்கு இக்கரையில் செழித்த பசும்புல்வெளி, ஆடு வளர்க்கும் தோக்தோசுனுடையது. அக்கரையில் குதிரை மந்தை வைத்திருக்கும் ஒமுர்சாக்குக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. குதிரையேறி ஆட்டுடலைப் பறிக்கும் ஆட்டத்தில், மாமனார் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒமுர்சாக் அவரைச் சேணத்திலிருந்து கீழே இழுத்துப் போட்டதில் வந்த பகை அது. அந்தக் கோடையில் தோக்தோசுனின் ஆடுகள் தாடை வீங்கி ஒவ்வொன்றாய் விழுந்தன. ஒமுர்சாக் கண் வைத்துவிட்டான் என்றார் அவர். மருந்து புகட்டுவார், மறுநாளே அதே பனிப்புல்லில் விடுவார், மறுபடியும் மருந்தைத் தேடுவார்.

தாங்கள் விடியலில் அப்புல்லை அறுத்து நீரில் ஊறவைத்து, அந்த நீரின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து அவரை அழைத்தீர்கள். குனிந்து வெகுநேரம் பார்த்த தோக்தோசுன், "தெரியுது எஜே. கறுப்பா, நீளமா இருக்கு. அப்பப்போ துடிக்குது," என்றார்.

"அது உன் இமை மயிரு. கண்ணை நல்லாத் திறந்து பாரு."

இரண்டாம் முறை உண்மையாகவே பார்த்தார். நெளிந்தன. நிமிர்ந்தவர், வாயில் கடித்திருந்த புல்தண்டை மெல்ல எடுத்துக் கீழே போட்டார். அவருக்குப் பின்னால் நின்ற நாங்களும் எங்கள் வாயில் இருந்ததைத் துப்பினோம்.

மருந்து கொல்வது வயிற்றில் இருந்து ரத்தம் உறிஞ்சும் புழுவைத்தான். புழுக்கையோடு விழுந்த முட்டை பொரிந்து, பனி ஈரத்தில் புல்லேறிக் காத்திருக்கும் குஞ்சுகளை அது தொடாது. எனவே ஆடுகளை உலர்ந்த மேட்டுச்சரிவுக்கு ஏற்றி, பசும்புல்வெளியைக் குதிரைகள் மேயட்டும், ஆட்டுப்புழு குதிரை வயிற்றில் பிழைக்காது என்று விளக்கினீர்கள். அவ்வளவு குதிரைகள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்கவே தேவையில்லை. தோக்தோசுன் முகம் கறுத்தது.

"ஆடு செத்தாலும் சாகட்டும் எஜே. அவன் குதிரை என் புல்லுல வாய் வைக்கக் கூடாது."

"புல்லைக் குடுக்கச் சொல்லி யாருப்பா கேட்டா? அவன் குதிரைக்குப் புழுவைக் குடு."

இந்தக் கோணம் அவருக்குத் தோன்றவே இல்லை. முகம் தெளிந்தது. குதிரை சாகுமா என்று ஆவலோடு கேட்டார். சாகாது என்றீர்கள். கொஞ்சமாவது இளைக்குமா? இளைக்காது, கொழுக்கும். ஏமாற்றம் தாளாமல் அவர் தரையைப் பார்த்தாரே, அதை எங்களால் மறக்க முடியவில்லை.

அக்கரையில் ஒமுர்சாக்கோ, "தோக்தோசுன் சும்மா புல்லு குடுக்குறான்னா அதுல என்னமோ இருக்கு," என்றார். இருக்கிறது என்று கூசாமல் சொன்னீர்கள். என்ன இருக்கிறது என்பதையும் சொன்னீர்கள். எல்லாம் கேட்டுவிட்டு, அவனே வந்து கேட்டால் அனுப்புகிறேன் என்றார் அவர். இக்கரையில் தோக்தோசுனோ, அவனே வந்து கேட்டால் விடுகிறேன் என்றார். பனியுருகி ஓடும் ஓடையில் தங்கள் குதிரை அங்கும் இங்கும் நடந்து, ஒரு கட்டத்தில் நடுநீரிலேயே நின்றுவிட்டது. உதைத்தும் பார்த்தீர்கள், கொஞ்சியும் பார்த்தீர்கள், அசையவில்லை. வேறு வழியின்றி இரு கரையையும் அங்கிருந்தே கூவி அழைத்தீர்கள். இருவரும் வந்தார்கள். கல் எறிந்தால் படும் தொலைவில் நின்றுகொண்டு, "அவன்கிட்டச் சொல்லுங்க எஜே," "அவன்கிட்டக் கேளுங்க எஜே" என்று தங்களிடமே பேசினார்கள். தங்கள் காலணிக்குள் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தோக்தோசுனின் பெண்ணாடு ஒன்று நீர் குடிக்க வந்து, முன்னங்கால் மடங்கித் தலை தண்ணீருக்குள் போக விழுந்தது. அருகில் நின்ற தோக்தோசுனைவிட ஒமுர்சாக் முந்திக்கொண்டார். முழங்கால் அளவு நீரில் இறங்கி இக்கரை ஏறி, ஆட்டைத் தூக்கி மடியில் கிடத்திக் கீழிமையைப் புரட்டினார். ரத்தமே இல்லை.

"பால் மாதிரி வெளுத்திருக்கு எஜே," என்றார். பிறகு தோக்தோசுனைப் பார்க்காமலே, "காலையில குதிரைங்க வரும்னு சொல்லிடுங்க," என்றார்.

அந்த ஆடு மாலைவரைகூடத் தாங்கவில்லை. ஆனால் காலையில் குதிரைகள் வந்தன. மேட்டுக்கு ஏறிய ஆடுகளில் பெரும்பாலானவை பிழைத்து, இலையுதிர் காலத்தில் இமை சிவந்து இறங்கின. அடுத்த வசந்தத்தில் மேய்ச்சலை மாற்றிக்கொள்ளலாமா என்று தங்கள் வழியாகக் கேட்டனுப்பினார் ஒமுர்சாக். சரி என்று தங்கள் வழியாகவே பதில் போனது. அன்று தொட்டு ஆண்டுதோறும் இரு வீட்டுக்கும் வாயாக இருந்தவர் தாங்கள். பெண் கொடுப்பதும் கூடாரம் மாற்றுவதும் ஆடு தொலைவதும்கூடச் செய்தியாய்த் தங்கள் வாயால்தான் போய்வந்தன.

தாங்கள் ஓய்வு பெற்றபின் இனி யார் தூது போவது என்று நாங்கள் கவலைப்பட்டதை மறைக்க விரும்பவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்களுக்குத் தர இருந்த இந்த மடலில் ஓரிரு வரிகள் இன்று காலை சேர்க்க நேர்ந்தது. இந்த மண்டபத்தில் ஒமுர்சாக் அமர்ந்த பலகையில் மட்டுமே இடம் மிச்சம். பின்னால் வந்த தோக்தோசுன் கண்ணால் தங்களைத் தேடினார். தாங்களோ வாசலில் மாலைகளுக்குள் அகப்பட்டிருந்தீர்கள். கொஞ்ச நேரம் நின்றார். இருமினார்.

"கொஞ்சம் நகந்துக்கோ," என்றார்.

ஒமுர்சாக் நகர்ந்தார். அவ்வளவுதான். இதோ, இருவரும் தோளோடு தோள் ஒட்டி, ஒருவரையொருவர் பாராமல், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

எஜே, தங்கள் கைகள் ஓயட்டும், மூக்குக்கு நல்ல மணங்கள் வாய்க்கட்டும், உறக்கம் நீளட்டும், முழங்கால் வலி விலகட்டும். நூறாண்டு நோயின்றி வாழ்க!

அன்பும் நன்றியும் மாறாத,
சாரிபுலாக் கால்நடை மருத்துவ நிலையப் பணியாளர்கள்