நகுசா கிராமத்து அட்டை

அட்டைக்கான காகிதத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. மற்றபடி சிக்கனக்காரன்தான். நேற்று நீங்கள் கொடுத்த சோற்றுப் பெட்டியின் ரப்பர் வளையத்தைக்கூட எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அட்டை அப்படியில்லை. தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நம் சார்பில் போய் நிற்பது அது. ஆயிரம் அட்டை அச்சடிக்க ஒரு மாதக் காய்கறிச் செலவு ஆகும். மனைவி இருந்தவரை முணுமுணுத்தாள். பிறகு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், முணுமுணுப்பும் நின்றது.

உங்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர், அதனால் சொல்கிறேன். வீட்டில் ஒரு வானொலிக் கருவியை வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு பேசுகிறோம். உங்கள் குரல் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை இரண்டு இலக்க எண்ணாகச் சொல்வேன். நீங்களும் எனக்குச் சொல்வீர்கள். பிறகு நாள், நேரம், அந்த எண் எல்லாம் எழுதி ஆளுக்கு ஓர் அட்டை அனுப்பிக்கொள்வோம். எங்கள் வானொலிச் சங்கத்தின் வழியாக மூட்டையோடு மூட்டையாகப் போனால் ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். அவசரமென்றால், நம் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைத்து நேராக அனுப்பலாம். மணிக்கணக்காகப் பேசியிருந்தாலும் அட்டை இல்லாவிட்டால் சங்கம் தரும் விருதுக்குச் சேராது.

நான் சேர்த்துக்கொண்டிருந்தது நாட்டின் ஊரக வட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அட்டை. இருபத்தேழு வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அந்த வட்டத்தில் நகுசா என்று ஒரே ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் வானொலி உரிமம் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், காளான் வளர்க்கிற ஹினொகுமா. ஏப்ரல் முதல் தேதி நகுசாவைப் பக்கத்து நகரத்தோடு இணைத்து, வட்டத்தின் பெயரையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் நகுசாவிலிருந்து பேச முடியாது. மார்ச் இருபத்தேழு காலை பத்து நாற்பதுக்கு அவரை வானொலியில் பிடித்துவிட்டேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான்கு முறை அட்டை அனுப்பினேன். நான்கு முறையும் நான் வைத்த உறையை, ஒட்டிய தபால்தலையோடு, தன் செலவில் வேறோர் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "உங்கள் தொடர்பு என் பதிவேட்டில் இல்லை. மன்னிக்கவும்." நான்கிலும் அதே வரி, அதே அழகான கையெழுத்து.

அதனால்தான் அக்டோபரில் இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலும் பேருந்துமாக மாறி மாறிப் போனேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி யாசு.

"யோக்கோஹாமாலேருந்தா? ஒரு அட்டைக்காகவா?" என்று சிரித்தார். "நான் என்னமோ எங்க வீட்டுக்காரருதான் பைத்தியம்னு நெனச்சிட்டிருந்தேன். உங்களப் பாத்தா இவரு தேவல."

ஹினொகுமா அப்போதுதான் காளான் வளரும் மரக்கட்டைகளைச் சுத்தியலால் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தட்டினால் காளான் சீக்கிரம் முளைக்குமாம். அந்தச் சுத்தியலைக் கதவோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாங்க குராமொச்சி-சான். அவிச்ச கஷ்கொட்டை இருக்கு, வயிறு முட்டச் சாப்பிடுங்க. அட்டை மட்டும் கேக்காதீங்க."

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"ஏங்க, ஒரு காகிதம்தானே, எழுதிக் குடுத்துடுங்களேன்," என்றார் யாசு. "இவ்வளவு தூரம் வந்திருக்காரு. உங்க காளான் கொறஞ்சா போயிடும்?"

"நீ சும்மா இரு. இவரு காதுல என் குரல் விழவே இல்ல. நீகாத்தா ஊர்க்காரன் ஒருத்தன் நடுவுல புகுந்து 'நாலு மூணு, நாலு மூணு'ன்னு எடுத்துக் குடுத்தான். அதையே இவரு திருப்பிச் சொல்லி நன்றியும் சொல்லிட்டாரு. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். எழுதினதை அப்பவே அடிச்சிட்டேன்."

இதில் மறைக்க ஒன்றுமில்லை. அன்று இரைச்சல் அதிகம். எண்ணைத் தன் காதால் கேட்க வேண்டும் என்பது விதி, நான் மறுக்கவில்லை. அவருடைய அழைப்புக்குறியில், அதாவது உரிமத்தோடு தருகிற அடையாள எழுத்துகளில், பாதி எனக்கு நன்றாகவே கேட்டது. மீதிக்கு ஒரு நல்ல மனிதர் உதவினார்.

யாசு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மருந்து வாங்க பஸ்ஸுக்குப் போறேன். நான் வர்றதுக்குள்ள ரெண்டு பெரிய மனுஷங்களும் சமாதானமாயிடுங்க."

யாசு போன பிறகு ஹினொகுமாவிடம் மூன்று முறை பணிவாகக் கேட்டேன். அவருடைய வெற்று அட்டை ஒன்றையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். முடியாது என்று தலையை ஆட்டினார். "ஊரே போயிடுச்சு. அது பேருல போற கடைசி அட்டை பொய்யா இருக்கக் கூடாது, பாருங்க," என்றார். பொய் என்ற சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

சுத்தியலை எடுத்துவந்து, அவர் இடது கையைத் தாழ்வான மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுபது வயது, மெலிந்த ஆள். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு விரலுக்கும் பிறகு நிறுத்தி, யோசிக்க நேரம் கொடுத்தேன். வலது கையைத் தொடவே இல்லை. எழுத அது வேண்டும். மூன்று விரல்வரை மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான்காவதில் பேனாவை எடுத்துவிட்டார்.

எழுதும் முன் தடுத்தேன். "முதல்ல நம்பரைச் சொல்லுங்க," என்றேன்.

"நாலு..." என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மூணு."

எதிரே உட்கார்ந்திருந்ததால் மிகத் தெளிவாகக் கேட்டது. "பெற்றுக்கொண்டேன், நன்றி," என்று முறைப்படி பதில் சொன்னேன். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பெயர் முத்திரையை மட்டும் நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். வந்திருந்தால் மறுநாளே சங்கத்துக்குக் கடிதம் எழுதி அட்டையைச் செல்லாததாக்கியிருப்பார். அவர் சுபாவம் அப்படி. தலையில் மூன்று அடி. மூன்றாவது தேவைப்பட்டிருக்காது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கு அது எப்படித் தெரியும்?

யாசு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். "கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டேன் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றினார். குனிந்திருந்ததால் ஒரே அடி போதுமாயிருந்தது. அந்த வீட்டில் என் பக்கம் பேசிய ஒரே ஆள் அவர். அலமாரிமேல் இருந்த கண்ணாடியைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

உங்கள் இளம் அதிகாரி சிரித்தார். கொலை செய்தவன் பெயர், அழைப்புக்குறி, வீட்டு விலாசம் எல்லாம் அச்சடித்த அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறானே, இவனுக்கு மூளை இருக்கிறதா என்றார். ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்று கொடுக்காமல் எப்படி வருவது? மேசையில் ஒரு மூலையைத் துடைத்து, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

இப்போது அவருடைய அட்டை உங்கள் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. விருது விண்ணப்பத்துக்கு இந்த மாதக் கடைசிதான் கெடு, அதற்குள் கொடுத்தால் உதவியாக இருக்கும். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. விதிமுறையில் கையெழுத்து நேராக இருக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை. மார்ச் இருபத்தேழு, பத்து நாற்பது, எல்லாம் சரியாக இருக்கிறது. எண்ணை அவர் வாயால் சொன்னார், நான் என் காதால் கேட்டேன். பொய் அட்டையைக் காட்டி விருது வாங்குகிறவர்கள் எங்கள் சங்கத்தில் உண்டு, இன்ஸ்பெக்டர். அவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.