அப்கிரேடு மேல தப்பில்ல

மெக்கானிக்: அப்போ அந்த பீரோவை நகர்த்தினதும் இந்த வைஃபைக்காகத்தானா டீச்சர்?

டீச்சர்: ஆமா. இரும்பு பீரோ சிக்னலை மறிக்கும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

மெக்கானிக்: வைஃபை?

டீச்சர்: அது அப்படியேதான் இருக்கு.

மெக்கானிக்: ரவுட்டர் கூட புதுசு மாதிரி இருக்கே...

டீச்சர்: புதுசுதான். பழசு மேல சந்தேகமா இருந்துச்சு.

மெக்கானிக்: சரி, உங்க போன்ல வைஃபை கட் ஆகுதா?

டீச்சர்: இல்ல.

மெக்கானிக்: டிவியில?

டீச்சர்: இல்ல.

மெக்கானிக்: லேப்டாப்புல மட்டும்தான். அதுவும் எப்போலேருந்து?

டீச்சர்: கொஞ்ச நாளா.

மெக்கானிக்: கொஞ்ச நாளான்னா... சிஸ்டத்தை அப்கிரேடு பண்ண அன்னிலேருந்து.

டீச்சர்: ரெண்டும் ஒரே நாள்ல நடந்தா, அதனாலதான் இதுன்னு ஆயிடுமா? என் டிரைவிங் ஸ்கூல் கார் பஞ்சர் ஆன அன்னிக்கு மழை பெஞ்சுச்சு. மழையா வந்து பஞ்சர் பண்ணுச்சு?

மெக்கானிக்: போன வாரம் வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க.

டீச்சர்: இந்த வாரமும் இதைத்தான் சொல்லுவேன். அப்கிரேடு மேல தப்பில்ல. வேற எங்கயாவது தேடு.

மெக்கானிக்: நான் தேடி முடிச்சாச்சு. பழைய சிஸ்டத்துக்கே திரும்பிடலாம் டீச்சர். கையோட முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடறேன். தொல்லை விட்டுது.

டீச்சர்: கூடாது.

மெக்கானிக்: உங்க போட்டோ, பைல் எதுவும் போகாது.

டீச்சர்: எது போனாலும் பரவாயில்ல. புது சிஸ்டம் போகக்கூடாது.

மெக்கானிக்: அப்படி என்ன இருக்கு இதுல?

டீச்சர்: எல்லாம் இருக்கு. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குது தெரியுமா? முன்னெல்லாம் மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தா சாயங்காலத்துக்குள்ள செத்துப்போகும். இப்போ ராத்திரி வரைக்கும் அசையாம நிக்குது. அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னியா நீ?

மெக்கானிக்: வைஃபை இல்லாத லேப்டாப்புல பேட்டரி நின்னு என்ன பண்ண...

டீச்சர்: என்ன சொன்ன?

மெக்கானிக்: ஒண்ணும் சொல்லல. அந்தச் சார்ஜரை எடுங்க. ஒண்ணு காட்டணும்.

டீச்சர்: சார்ஜர் எதுக்கு? பேட்டரிதான் இருக்கே.

மெக்கானிக்: எடுங்க டீச்சர்... ம். இப்போ போட்டாச்சு. கொஞ்சம் சும்மா விடுவோம். கையை எடுங்க, மௌஸைத் தொடாதீங்க.

டீச்சர்: தொடல.

மெக்கானிக்: தொட்டீங்க.

டீச்சர்: தூசி இருந்துச்சு.

மெக்கானிக்: பாருங்க, கட் ஆகல. இப்போ சார்ஜரைக் கழட்டறேன். பாருங்க... பாருங்க... போச்சா?

டீச்சர்: போச்சு.

மெக்கானிக்: இதுதான் விஷயம். சார்ஜர் இருந்தா நல்லா இருக்கு. கழட்டினா கட் ஆகுது. ஏன் தெரியுமா? பேட்டரியில ஓடும்போது புது சிஸ்டம் சார்ஜை மிச்சம் பிடிக்குது. உள்ள இருக்கற வைஃபை கார்டை நடுநடுவுல தூங்க வைக்குது. புது லேப்டாப்பா இருந்தா கார்டு சட்டுனு எழுந்துக்கும். உங்களோடது பழைய கார்டு. தூங்கினா எழுந்திரிக்க மாட்டேங்குது.

டீச்சர்: ஆக, தப்பு கார்டு மேல.

மெக்கானிக்: கார்டு பாவம் டீச்சர். இத்தனை வருஷம் ஒழுங்காத்தானே வேலை செஞ்சுச்சு. அதைப் போய் தூங்குன்னு சொன்னது யாரு?

டீச்சர்: சரி, இதுக்கு என்ன வழி?

மெக்கானிக்: சுலபமான வழி இருக்கு. அந்த மிச்சம் பிடிக்கிற வேலையை நிறுத்திடலாம். வைஃபை ஜம்முனு ஓடும். பேட்டரி மட்டும் பழையபடி...

டீச்சர்: அடிமடியிலேயே கை வைக்கிறியே.

மெக்கானிக்: இதுல அடிமடி எங்க வந்துச்சு?

டீச்சர்: அதை நிறுத்தக்கூடாது. அது ஓடணும், வைஃபையும் ஓடணும். இன்னும் கொஞ்ச நேரத்துல என் பொண்ணு வீடியோவுல வருவா. நடுவுல ஒரு தடவை கூட கட் ஆகக்கூடாது. அதுக்குத்தானே உன்னை வரச் சொன்னேன்.

மெக்கானிக்: போன்ல பேசிக்கலாமே?

டீச்சர்: லேப்டாப்புலதான் பேசணும்.

மெக்கானிக்: அப்போ சார்ஜரைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க.

டீச்சர்: போட மாட்டேன்.

மெக்கானிக்: பழசு வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம். சார்ஜரும் வேண்டாம். அப்புறம் நான் என்னதான் பண்ணட்டும்? ஊதி விடட்டுமா?

டீச்சர்: எகத்தாளமா?

மெக்கானிக்: பின்ன என்ன டீச்சர், இதுவரைக்கும் கட் ஆனப்போ பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?

டீச்சர்: கரண்ட் போச்சுன்னேன். ஒரு தடவை... பக்கத்து வீட்டுப் பூனை ஒயரை இழுத்துடுச்சுன்னேன்.

மெக்கானிக்: வைஃபைக்கு ஏது ஒயரு?

டீச்சர்: அந்த நேரத்துக்கு வாயில வந்தது அதுதான்.

மெக்கானிக்: வைஃபை சரியில்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அதுல என்ன கௌரவக் குறைச்சல்?

டீச்சர்: உனக்குப் புரியாது. விடு.

மெக்கானிக்: புரியற மாதிரி சொல்லுங்க. எவனோ ஒருத்தன் எங்கயோ உட்கார்ந்து அரைகுறையா எழுதி வச்சிருக்கான். அவனுக்காக நீங்க பீரோவைத் தள்ளுறீங்க...

டீச்சர்: வாயை அலம்பிட்டுப் பேசு. எவனோ இல்ல.

மெக்கானிக்: யாரு அப்போ?

டீச்சர்: என் பொண்ணு.

மெக்கானிக்: உங்க பொண்ணா?

டீச்சர்: அந்த மிச்சம் பிடிக்கிற பகுதி மொத்தமும் அவ எழுதினது. சிஸ்டம் பண்ற கம்பெனியில இருக்கா. பெரிய ஆளுங்க நிறைய பேரு முடியாதுன்னு கைவிட்ட வேலையாம். இவ உட்கார்ந்து முடிச்சா. இன்னிக்கு உலகத்துல எத்தனை பேர் மடியில லேப்டாப் வச்சிருக்காங்களோ, அவங்கள்ல பாதிப் பேருக்கு என் பொண்ணு பேட்டரியை மிச்சம் பிடிச்சுக் கொடுக்கறா. எனக்குப் பெருமை தாங்கல தம்பி. சொன்னா சிரிப்ப. டிரைவிங் கத்துக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கிட்டு இருந்த ஒருத்தர்கிட்ட கூட சொன்னேன். அவரு சுவத்துல இடிச்சிட்டாரு.

மெக்கானிக்: ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. என்கிட்ட மட்டும் சொல்லல.

டீச்சர்: நீ ரிப்பேர்காரன். உன்கிட்ட சொன்னா அவ வேலையில ரிப்பேர்னு ஆயிடும்ல.

மெக்கானிக்: அதான் சார்ஜர் வேண்டாம்னீங்களா?

டீச்சர்: அவ முதல்ல கேக்கறதே அதைத்தான். பேட்டரி எப்படிம்மா இருக்குன்னு. சார்ஜரைப் போட்டுக்கிட்டு எந்த முகத்தோட பதில் சொல்றது?

மெக்கானிக்: டீச்சர், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட வண்டி கத்துக்கறவங்க கண்ணாடியைப் பார்க்காம திருப்பினா என்ன பண்ணுவீங்க?

டீச்சர்: காது கிழியக் கத்துவேன்.

மெக்கானிக்: மனசு நோகுமேன்னு விட மாட்டீங்க.

டீச்சர்: விட்டா ரோட்டுல போய் யார் மேலயாவது ஏத்திட்டு வந்து நிப்பாங்க.

மெக்கானிக்: பொண்ணு மட்டும் ஏத்தலாமா? இதே பழைய கார்டு எத்தனை பேர்கிட்ட இருக்கோ. என் கடைக்கே ரெண்டு மூணு பேர் வந்துட்டாங்க. எழுதினவங்களுக்கு யாராவது சொன்னாத்தானே தெரியும்?

டீச்சர்: வேற யாராவது சொல்லட்டும். பெத்தவ வாயால குறை சொல்ல முடியாது.

மெக்கானிக்: அது வந்து... வேற யாராவது சொல்லியாச்சு.

டீச்சர்: யாரு?

மெக்கானிக்: நான்தான். போன வாரம் வந்தப்போ... உங்க லேப்டாப்புலேருந்து எல்லா விவரத்தையும் எடுத்து, அந்தக் கம்பெனிக்கு ஒரு புகார் அனுப்பினேன்.

டீச்சர்: என்னைக் கேக்காமலா?

மெக்கானிக்: கேட்டா விட்டிருப்பீங்களா?

டீச்சர்: என்னன்னு எழுதின?

மெக்கானிக்: பழைய கார்டுல வேலை செய்யலன்னு எழுதினேன்.

டீச்சர்: அவ்வளவுதானா?

மெக்கானிக்: கூடவே ஒரு வரி.

டீச்சர்: என்ன வரி?

மெக்கானிக்: இதை எழுதினவன்... கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருக்கான்னு.

டீச்சர்: எந்திரி. எந்திரிச்சு வெளிய போ.

மெக்கானிக்: பதிலையும் கேட்டுட்டுத் துரத்துங்க டீச்சர். இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. 'கண்ணைத் திறந்து பார்த்துட்டேன், ரொம்ப நன்றி'ன்னு போட்டிருந்துச்சு.

டீச்சர்: யாரு பேரு போட்டிருந்துச்சு?

மெக்கானிக்: பேரெல்லாம் இல்ல. கம்பெனி பேருதான். கூடவே ஒரு சின்ன பைல். அந்தப் பழைய கார்டை மட்டும் தூங்க வைக்காதாம், மத்தபடி மிச்சம் பிடிக்கிற வேலை அப்படியே இருக்குமாம். போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க.

டீச்சர்: இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் பழசுக்குப் போகலாம், நிறுத்தலாம்னு கதை விட்டுக்கிட்டு இருந்த?

மெக்கானிக்: யாரும் ஓட்டிப் பார்க்காத பைலை உங்க மெஷின்ல போட எனக்குப் பயமா இருந்துச்சு.

டீச்சர்: என் பொண்ணு கம்பெனி பைல்ல என்ன பயம்? போடு.

மெக்கானிக்: திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்க.

டீச்சர்: போடுன்னா போடு.

மெக்கானிக்: போட்டாச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்... வந்துடுச்சு. சார்ஜர் இல்ல பாருங்க. இப்போ கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.

டீச்சர்: கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். தூங்கிடுச்சா?

மெக்கானிக்: மத்ததெல்லாம் தூங்குது. கார்டு முழிச்சிருக்கு.

டீச்சர்: போகலையே?

மெக்கானிக்: போகல. வாசல்ல ஒரு நடை நடந்துட்டு வாங்க. நீங்க முறைக்கிற முறையில அதுவே பயந்து கட் ஆயிடும்.

டீச்சர்: நடந்துட்டு வந்துட்டேன். என்ன ஆச்சு?

மெக்கானிக்: கதவு வரைக்கும்தானே போனீங்க... போகல டீச்சர். நிக்குது. கல்லு மாதிரி நிக்குது.

டீச்சர்: பேட்டரி?

மெக்கானிக்: அதுவும் அப்படியேதான் இருக்கு. உங்க பொண்ணு... நிஜமாவே நல்லாத்தான் எழுதியிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டுன்னு நான் போட்டிருக்கக்கூடாது.

டீச்சர்: இப்போ சொன்ன பாரு, இது பேச்சு. இரு, இரு... கூப்பிடறா. நீ ஒண்ணும் உளறாதே.

மகள்: அம்மா, தெரியறேனா?

டீச்சர்: பளிச்சுன்னு தெரியற. என்ன பாப்பா, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. தூங்கலையா?

மகள்: கொஞ்சம் வேலை. பேட்டரி எப்படி இருக்கு?

டீச்சர்: அமோகமா இருக்கு.

மகள்: பின்னாடி யாரும்மா அது?

டீச்சர்: மெக்கானிக் தம்பி. சும்மா... பேசிட்டுப் போலாம்னு வந்தாரு.

மகள்: ஸ்க்ரூ டிரைவரைப் பிடிச்சுக்கிட்டா?

மெக்கானிக்: க்கும்.

டீச்சர்: இருமாதே. பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோ.

மகள்: சொல்லும்மா.

டீச்சர்: கரண்ட் எல்லாம் போகல. பூனையும் ஒண்ணும் பண்ணல. அப்கிரேடு பண்ண அன்னிலேருந்து வைஃபை விட்டு விட்டுத்தான் வந்துச்சு. நான்தான் மறைச்சேன். உன் வேலையில தப்புன்னு நான் சொல்லல, ஆனா...

மகள்: தப்புதாம்மா.

டீச்சர்: என்ன?

மகள்: பழைய கார்டு எல்லாம் இன்னும் எத்தனை வீட்டுல ஓடுதுன்னு நான் யோசிக்கவே இல்ல. எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் புது லேப்டாப்பு. அங்க அது ஒரு தடவை கூட கட் ஆகல. போன வாரம் ஒரு புகார் வந்துச்சு. அதுல மெஷின் பேரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'ஹாரன் அம்மா'ன்னு இருந்துச்சு. உன் லேப்டாப்புக்கு அந்தப் பேரை வச்சதே நான்தானே.

மெக்கானிக்: அதுல மெஷின் பேரும் போகுமா...

மகள்: போகும். கண்ணை மூடிக்கிட்டுன்னு நீங்க திட்டினதும் பத்திரமா வந்து சேர்ந்துச்சு.

மெக்கானிக்: மேடம், அது ஏதோ அவசரத்துல...

மகள்: நீங்க எழுதினது சரிதான். அந்த ஒரு வரியைப் படிச்சிட்டுத்தான் மறுபடி முதல்லேருந்து பார்த்தேன்.

டீச்சர்: எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இன்னிக்கும் பேட்டரி எப்படி இருக்குன்னு கேட்ட? போக்கிரி.

மகள்: நீயா சொல்றியான்னு பார்த்தேன்.

டீச்சர்: அது கிடக்கட்டும். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுல்ல? சத்தம் காட்டாம சரி பண்ணிட்டதானே? நாக்கு மேல பல்லைப் போட்டு யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது பாப்பா.

மகள்: நேத்து மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு நானே சொல்லிட்டேம்மா... தப்பு என்னோடது, அதைக் காட்டிக் கொடுத்த மெஷின் எங்கம்மாவோடதுன்னு.